பூந்துருத்தி என்னும் ஆற்றிடைக்குறை

ஆற்றின் நடுவே நீர் சூழ நிற்கும் நிலத்திட்டுக்குத் தமிழர் பல பெயர்களை இட்டு வழங்கினர். அரங்கம் என்றனர், துருத்தி என்றனர், ஆற்றிடைக்குறை என்றும் கூறினர். திருவரங்கம் அவற்றுள் பெரியது, உலகறிந்தது. திருக்காட்டுப்பள்ளியில் காவிரியை விட்டுப் பிரியும் குடமுருட்டியின் கரைவழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், கண்டியூரை அடையும் முன்னர்க் காணும் திருப்பூந்துருத்தியோ அமைதியான சிற்றூர். காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடையே துருத்தியாய் விளங்கியமையால் இப்பெயர் பெற்றது என்பது வழிவழியாக வரும் செய்தி.

நீர் சூழ்ந்த நிலத்தை மனிதர் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளவே நாடியிருக்கின்றனர். ஸ்காட்லாந்தின் மென்டீத் ஏரியில் இஞ்ச்மஹோம் என்றொரு சிறு தீவு உண்டு. அங்கே 1238இல் அகஸ்தீனியத் துறவியர் மடம் எழுந்தது. 1547இல் ஆங்கிலப் படை ஸ்காட்லாந்தியரைப் போரில் வென்றபோது, நான்கு வயதே நிரம்பிய அரசி மேரியைச் சில வாரங்கள் அம்மடத்தில்தான் மறைத்து வைத்தனர். அத்தீவு குழந்தையைக் காத்தது. திருவரங்கத்திலோ நிகழ்ந்தது வேறு. 1752இல் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் ஆறுகளை அரணாக நம்பி அங்கே புகுந்தனர். ஆங்கிலேயர் வழிகளை அடைத்தனர். அரண் என நம்பிய தீவு சிறையாயிற்று. ஜூன் திங்களில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சைப் படையினரிடம் அடைக்கலம் தேடிய சந்தா சாகிபு தலையை இழந்தார்.

பூந்துருத்தியின் புகழ் இவ்விரண்டிலும் வேறுபட்டது. ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசர் இங்கே திருமடம் அமைத்துத் தங்கியிருந்தார் என்கிறது பெரியபுராணம். மதுரையிலிருந்து திரும்பிய ஞானசம்பந்தர் அவரைக் காண இவ்வூரை நோக்கி வந்தார். எதிர்சென்ற முதியவர் கூட்டத்தில் ஒருவராய்க் கலந்து, எவரும் அறியாவண்ணம் சிவிகை தாங்கிவந்தார். அப்பர் எங்குள்ளார் எனப் பிள்ளையார் வினவ, சிவிகையின் கீழிருந்தே விடை வந்தது. பதறிக் கீழே குதித்த சம்பந்தர் அவரை வணங்க முற்பட, அதற்கு முன்பே அப்பர் அவரை வணங்கினார். அந்தணர் குலத்து இளையவரும் வேளாண் குலத்து முதியவரும் ஒருவரையொருவர் வணங்கிய இக்காட்சியை, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த சேக்கிழார் எழுதிவைத்தார். வரலாற்றாசிரியர் இதனைக் கல்வெட்டுச் சான்றுபோல் கொள்ளார். எனினும், மக்கள் எதனைப் போற்றி நினைவில் வைத்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

இக்கூட்டுறவு அத்துடன் முடியவில்லை. ஆந்திர நாட்டிலிருந்து காவிரிக் கரைக்கு வந்து வரகூரில் வாழ்ந்து, வடமொழியில் கிருஷ்ண லீலா தரங்கிணியை இயற்றிய நாராயண தீர்த்தரின் சமாதியும் பூந்துருத்தியிலேயே உள்ளது. திருவையாற்றுச் சித்திரை ஏழூர் விழாவில் ஐயாறப்பரின் பல்லக்கு வந்துசெல்லும் ஊர்களுள் இதுவும் ஒன்று. நந்தியின் திருமணத்திற்கு மலர் தந்த ஊர் என்பது தலவழக்கு. சிவிகை சுமந்த தோள்களின் ஊருக்கு இன்றும் பல்லக்கு சுமந்து வருகின்றனர்.

ஆயினும் துருத்தி எனும் சொல் உயிர்த்திருக்க ஆற்றில் நீர் வேண்டும். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின், குடமுருட்டியின் ஓட்டம் அணைத் திறப்பைச் சார்ந்ததாயிற்று. ஜூன் 12 மரபான திறப்பு நாள். 2024இல் அது ஜூலை 28 வரை தள்ளிப்போனது. அத்தகைய நாட்களில் ஆற்றில் எஞ்சுவது மணலே. வயலில் நாற்றுக்குக் காத்திருக்கும் உழவர்க்கு அது வாழ்வின் சிக்கல். சொல்லை ஆளும் கவிஞர்க்கோ அது பொருளின் சிக்கலும் ஆகும். சூழ்ந்த நீர் வற்றியபின் துருத்தி வெறும் திடலே.

வரலாறு போற்றும் தீவுகள் பலவற்றில் ஓடி ஒளிந்தோரின் சுவடுகள் இருக்கின்றன. பூந்துருத்தியில் இருப்பவை எதிர்கொள்ள வந்தோரின் சுவடுகள். குடமுருட்டியில் புதுப்புனல் வரும் நாளில் அவ்வூருக்குச் செல்வோர், பெயரின் பொருளைக் கண்ணாரக் காண்பர்.