ஒளியின் சிறு கூறும் ஒரு கல்லூரி உதவியாசிரியரும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் ஒரகடம் இருக்கிறது. அதற்கு வடக்கே ஸ்ரீபெரும்புதூர். இராமானுஜர் பிறந்த ஊர் என்பதாலேயே பல நூற்றாண்டுகள் அறியப்பட்டிருந்த அப்பகுதியின் முகம் 1990-களின் இறுதியில் மாறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வாகனங்களும், ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடியும், பின்னர் கைத்தொலைபேசிகளும் உற்பத்தியாயின. 2024 ஜனவரியில் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் தொழிற்சாலை திறந்துவைக்கப்பட்டது. கண்ணாடியின் மேல் காட்மியம் டெல்லூரைடு என்னும் பொருளை மிக மெல்லிய படலமாகப் படியவைத்து, வெயிலை மின்சாரமாக மாற்றும் பலகைகளை அங்கே செய்கின்றனர். ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறனுள்ள பலகைகளைச் செய்யுமளவு பெரிய ஆலை அது.

இப்பலகை வேலை செய்யும் விதத்தை அறிய வேண்டுமானால், ஒளி அலையா, துகளா என்ற பழைய வழக்கைச் சற்று நினைவுகூர வேண்டும். மின்விசையும் காந்தவிசையும் பின்னிப் பரவும் அலையே ஒளி என்று மாக்ஸ்வெல் 1865-இல் எழுதினார். ஹெர்ட்ஸ் 1887-88-இல் அத்தகைய அலைகளைத் தம் ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிக் காட்டினார். வழக்கு தீர்ந்ததென்றே பலரும் எண்ணினர். ஆனால் 1900-இல் பிளாங்கும், 1905-இல் ஐன்ஸ்டைனும் வேறொன்று கூறினார்கள். ஒளியின் சக்தி தண்ணீரைப்போல் தொடர்ச்சியாக அல்ல, தனித்தனிக் கூறுகளாகவே கொடுக்கவும் வாங்கவும் படுகிறது என்பது அது. ஒரு கூறின் சக்தி அதன் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அலைநீளத்தை நானோமீட்டரில் எடுத்துக்கொண்டு 1240-ஐ அதனால் வகுத்தால், அச்சக்தி எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 400 நானோமீட்டர் ஊதா ஒளியின் கூறுக்கு 3.1, 700 நானோமீட்டர் சிவப்புக்கு ஏறத்தாழ 1.8. விளக்கைப் பிரகாசமாக்கினால் கூறுகளின் எண்ணிக்கைதான் மிகும். தனிக்கூறு ஒன்றின் சக்தி அணுவளவும் கூடாது. பிரசங்கங்களில் ஒளியை உவமையாக எடுத்தாளும் நாம் இதை அறிந்திருப்பது தகும்.

இக்கொள்கையை அறிஞர் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். ஐயத்தைப் பெரிதும் அகற்றியது 1923-இல் காம்ப்டன் எக்ஸ்கதிரைக் கொண்டு நடத்திய சோதனை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் அதற்கு இணையான சான்று 1928-இல் கல்கத்தாவில் கிடைத்தது. அதைச் சொல்லும்போது சர் சி. வி. ராமனின் பெயரோடு நிறுத்திவிடுகிறோம். உடன் உழைத்தவரை மறந்துவிடுகிறோம்.

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்றார். கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல்தான் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அவர் காலத்தில் சென்னை நகருக்குள் இருந்தது. அங்கே இரசாயனத் துறையில் சோதனைகளைச் செய்துகாட்டும் உதவியாசிரியராகப் பணியாற்றினார். நண்பகல் உணவு வேளையில் மாணவர் அவரைச் சூழ்ந்து பௌதிகம், கணிதம் என எதைக் கேட்டாலும் விடை கூறுவாராம். பாடத்திட்டத்தில் இல்லாத இவ்வகுப்பு அவரது பெயரை நகரில் பரப்பியது. 1920-இல் கல்கத்தா சென்றார். 1923-இல் ராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார்.

கடல்நீரின் நீலத்தைப் பற்றி 1921-இல் கப்பற்பயணத்தின்போது எழுந்த வினாவை ராமன் ஏழாண்டுகள் விடாமல் துருவினார். சோதனை எளியது. சூரியஒளியை ஊதா வடிகட்டியின் வழியே திரவத்துள் செலுத்துவது. சிதறும் ஒளியை, ஊதாவை முற்றும் தடுக்கும் பச்சை வடிகட்டியின் வழியே பார்ப்பது. நிறம் மாறாதிருந்தால் எதுவும் தெரியலாகாது. ஆனால் மங்கலானதொரு தடம் தெரிந்தது. அதை முதலில் பலவீனமான ஒளிர்வு என்றே கருதினர். அவ்வொளி ஒரு தளத்தில் அதிர்வதைக் கண்டபோதுதான் அது ஒளிர்வன்று என்று தெளிந்தது. கிருஷ்ணன் எழுதிவைத்த நாட்குறிப்பின்படி, 1928 பிப்ரவரி 7-ஆம் நாள் இரவு ஒன்பது மணியளவில் ராமன் தாமே அவர் வீடு தேடி வந்து, அன்று காலை கண்டது தாங்கள் இத்தனை நாளும் தேடியதே என்று மிகுந்த பரபரப்புடன் கூறியிருக்கிறார். நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுவதோ பிப்ரவரி 28. புதிய கோடு நிறமாலையில் தனித்துத் தெரிந்த நாள் அது.

பிப்ரவரி 16 தேதியிட்டு ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பப்பட்ட முதற்கடிதத்தில் இருவர் பெயரும் உண்டு. ஏறத்தாழ அறுபது திரவங்களைச் சோதித்ததாக அது கூறுகிறது. அலைநீள மாற்றத்தை அறிவித்த மார்ச் மாதக் கடிதத்தில் ராமனின் பெயர் மட்டுமே. 1930-இல் நோபல் பரிசும் அவருக்கு மட்டுமே. அது அநீதி என்று நான் சொல்லமாட்டேன். வினா ராமனுடையது, ஏழாண்டு விடாப்பிடியும் அவருடையதே. மாஸ்கோவில் இதே விளைவைப் படிகங்களில் அதே பிப்ரவரியில் கண்ட லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் ஆகியோருக்கும் அப்பரிசில் பங்கு கிட்டவில்லை. ஆயினும் பரிசுக்குழு ஒருவரைத் தெரிந்துகொண்டது என்பதற்காக, நம் பாடநூல்களும் ஒருவரையே தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கிருஷ்ணன் பின்னர் 1940-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார், டில்லி தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராயிருந்தார், 1961-இல் மறைந்தார்.

அவர்கள் கண்டதன் பொருளைக் கணக்கால் காட்டுவது எளிது. பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் நீல ஊதாக் கூறு ஒன்றுக்கு 2.845 எலக்ட்ரான் வோல்ட் சக்தி. அது பென்சீன் மூலக்கூறொன்றை அதிரச் செய்து 0.123-ஐ அதனிடம் விட்டுச் செல்கிறது. மீதி 2.722. ஆகவே 455.5 நானோமீட்டரில் புதிய கோடு. அலையை மட்டும் கொண்டு நோக்கின் குழப்பமாயிருப்பது, கூறுகளைக் கொண்டு நோக்குகையில் வரவு செலவுக் கணக்காகிவிடுகிறது.

பிள்ளைப்பாக்கத்துப் பலகையிலும் இதே கணக்குத்தான். காட்மியம் டெல்லூரைடில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க ஏறத்தாழ 1.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அலைநீளம் சுமார் 830 நானோமீட்டரைத் தாண்டிய கதிர்கள், எவ்வளவு மிகுதியாக விழுந்தாலும், ஓர் எலக்ட்ரானையும் விடுவிப்பதில்லை. 2.8 உள்ள ஊதாக் கூறும் விடுவிப்பது ஒன்றையே, எஞ்சிய 1.3 பலகையிலேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது.