விலங்கை அகற்றியவர்

பாரிஸ் நகரை அடுத்த பிசெத்ர் வைத்தியசாலையிலே, 18ஆம் நூற்றாண்டில் சித்தசுவாதீனம் இழந்தோர் இரும்பு விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். அவர்களைக் கண்டு அஞ்சினோர் பலர். அவர்தம் துயரை அறிய முற்பட்டோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் புசேன் என்பார். கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அங்கு வந்த அவர், குணமடைந்தபின் மனநோயாளரின் விடுதிக்கே மேற்பார்வையாளரானார். வைத்தியப் பட்டம் பெறாத அவர், நோயாளரோடு பழகி அவர்தம் இயல்பைக் கூர்ந்து நோக்கினார். அவர்களை அடித்தலாகாதென ஊழியரைத் தடுத்தார். நோய் நீங்கியோரையே ஊழியராகவும் அமர்த்தினார். 1797இல் விலங்குகளை அகற்றினார்.

அச்செயலுக்குரிய புகழ் பிற்காலத்தில் வைத்தியர் பினெலைச் சார்ந்தது. ஆயினும், பினெல் தாமே தமது நூலில் புசேனின் பணியைப் போற்றியுள்ளார். நோயின் வேதனையைத் தாம் அறிந்தமையாலன்றோ, பிறர் பித்தரென ஒதுக்கியோரைப் புசேன் மனிதராகக் கண்டார்! இரும்பு விலங்கு அன்று அகன்றது. இழிசொல்லாகிய விலங்கை அகற்றும் கடன் எஞ்சியுள்ளது.