கோப்பைக் காக்கும் கெர்னல்: கலாமின் வாதமும் லினக்ஸின் விடையும்

முன்னுரை

இராமேஸ்வரத்தில் பிறந்த அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், 2003 மே 28 அன்று புனேயில் ஆற்றிய உரையில் மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸுடன் நடந்த உரையாடலைக் குறிப்பிட்டார். பயனர்கள் தாமே உருவாக்கிய பாதுகாப்பு முறைகளை எளிதில் சேர்க்கத் திறமூல நிரலே ஏற்றது என்பது கலாமின் வாதம். இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. கலாம் சொன்ன வசதி அன்றைய லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் உண்மையில் இருந்ததா? வைரஸ் ஸ்கேனருக்காகக் கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் முறைகளின் வரலாற்றைக் கொண்டு இதை ஆராயலாம். நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, ஸ்கேனர் வந்து சேர்வதற்கென ஒப்புக்கொள்ளப்பட்ட இடைமுகமும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. இடைமறித்தல்

டாஸ் காலத்து ஆன்டிவைரஸ்கள் நினைவகத்தில் தங்கி, கோப்பைத் திறக்கும் அழைப்புகளை வழியிலேயே பிடித்துச் சோதித்தன. லினக்ஸிலும் முதலில் இதே உத்தியே கையாளப்பட்டது. ஜெர்மனியில் உருவான டசுகோ என்னும் கெர்னல் மாட்யூல், நிரல்களின் கோரிக்கைகளை உரிய இடத்துக்கு அனுப்பும் சிஸ்டம் கால் அட்டவணையிலிருந்த கெர்னல் முகவரிகளுக்குப் பதிலாகத் தன் முகவரிகளை வைத்தது. ஒளிந்திருந்து இயங்கும் ரூட்கிட் என்னும் தீநிரல்களும் இதையேதான் செய்தன. மேலும், இரண்டு மாட்யூல்கள் ஒரே அட்டவணையை மாற்றியிருக்க, முதலில் வந்தது முதலில் வெளியேறினால் கணினியே நிலைகுலையக்கூடும். 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னல் அந்த அட்டவணையை மாட்யூல்களுக்குக் காட்டவில்லை. கலாம் உரையாற்றிய ஆண்டிலேயே பழைய வழி அடைபட்டது.

2. அறிவித்தல்

இடைமறிக்காமல், மாற்றம் நடந்ததை அறிவிக்க மட்டும் செய்யும் வசதிகளும் கெர்னலில் இருந்தன. 2001இல் 2.4 கெர்னலோடு வந்த டிநோட்டிஃபை கோப்புறைகளை மட்டுமே கவனித்தது. அவற்றைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்ததால், பென்டிரைவ் போன்றவற்றை முறைப்படி விடுவிக்க முடியவில்லை. ஜான் மெக்கட்சனும் ராபர்ட் லவும் எழுதிய ஐநோட்டிஃபை, 2005 ஆகஸ்டில் 2.6.13இல் சேர்ந்து இக்குறைகளைப் போக்கியது. ஆனால் கோப்பைத் தொட்ட நிரல் எது என்று அது சொல்லாது. செய்தி வரும்போது செயலும் முடிந்திருக்கும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் சிக்னல் தானே சிவப்பாகி ரயிலை நிறுத்திவந்தது. ஐநோட்டிஃபைக்குக் காற்றை அளக்கத் தெரிந்தது. சிக்னலைப் போடும் அதிகாரம் இல்லை.

3. அனுமதித்தல்

2008 ஆகஸ்டில் ரெட் ஹேட்டின் எரிக் பாரிஸ், ஆன்டிவைரஸ் நிறுவனமான சோஃபோஸின் டால்பா என்னும் இடைமுகத்தை அடியொற்றிய திட்டத்தை முன்வைத்தார். எந்தத் தாக்குதலைத் தடுக்கப் போகிறீர்கள் என்று கெர்னல் உருவாக்குநர்கள் துருவிக் கேட்டனர். அந்த விவாதத்தின் விளைவே ஃபேன்நோட்டிஃபை. 2010இல் 2.6.36இல் சேர்ந்த அதன் நிரல், 2011 ஜனவரியில் 2.6.37இல் பயன்பாட்டுக்கு வந்தது.

ஒரு நிரல் கோப்பைத் திறக்க முயன்றால், கெர்னல் அதை நிறுத்திவைத்து, அந்தக் கோப்பையே திறந்து ஸ்கேனரிடம் தருகிறது. கேட்ட நிரலின் அடையாள எண்ணையும் சொல்கிறது. ஸ்கேனரின் 'ஆம்' அல்லது 'இல்லை' கிடைத்த பிறகே செயல் தொடரும். ஒவ்வொரு முறையும் சோதித்தால் கணினி தவழும். அதனால் தூய்மையானது என்று தெரிந்த கோப்பை இனிக் கேட்க வேண்டாம் என ஸ்கேனர் குறித்து வைக்கலாம். கோப்பு மாறியதும் கெர்னலே அக்குறியை அழித்துவிடும். மாற்றத்தைக் கண்காணிப்பதன் முழுப் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. ஆனால் கோப்பு உருவாதல், அழிதல், பெயர்மாற்றம் ஆகியவற்றை அறிவிக்கும் வசதி 2019இல் 5.1 கெர்னலில்தான் சேர்ந்தது. கோப்பை நினைவகத்தோடு இணைத்து (mmap) எழுதப்படும் மாற்றங்கள் இன்னும் ஃபேன்நோட்டிஃபையின் கண்ணில் படுவதில்லை.

4. தமிழ்நாட்டுச் சூழல்

சென்னை சி-டாக் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், விண்டோஸையும் பாஸ் லினக்ஸையும் ஒரே கணினியில் இராமநாதபுரம் உட்பட எல்லா மாவட்ட மாணவர்களிடமும் சேர்த்தது. ஆனால் ஸ்கேனர் இயங்கும் இடம் இவ்விரு இயங்குதளங்களிலும் வேறு: விண்டோஸில் ஸ்கேனரின் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே ஓடும்; ஃபேன்நோட்டிஃபை வகுத்த வழியில் ஸ்கேனர் வெளியே இருந்து விடை சொல்லும்.

முடிவுரை

கலாம் விரும்பிய வசதி, நிரல் திறந்திருந்ததால் தானாக வந்துவிடவில்லை. ஆனால் திறந்திருந்ததால்தான் எதிர்ப்பும் திருத்தமும் எல்லார் முன்னிலையிலும் நடந்து, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகாத இடைமுகம் அமைந்தது. அதன் மதிப்பு 2024 ஜூலை 19 அன்று தெளிவாயிற்று. பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின், கெர்னலுக்குள் ஓடிய டிரைவர், பிழையான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. ஃபேன்நோட்டிஃபையில் ஸ்கேனர் செயலிழந்து மூடப்பட்டால், காத்திருக்கும் கோரிக்கைகளைக் கெர்னல் அனுமதித்துவிட்டுத் தன் வேலையைத் தொடரும். அந்த நேரத்தில் காவல் இருக்காது. கணினி மட்டும் ஓடும். பாதுகாப்பை வடிவமைப்போர் இவ்விரு இழப்புகளில் எதை ஏற்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும்.