முத்துச் சிப்பிகள் எங்கே போயின?

தனுஷ்கோடி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1964 டிசம்பர் 22 இரவுதான். புயலில் கடல் பொங்கி ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டது. கரையில் நடந்ததால் அந்த அழிவு வரலாற்றில் பதிவானது. ஆனால் அதே கடலுக்கு அடியிலும் காற்றும் நீரோட்டமும் ஊர் ஊராக அழித்திருக்கின்றன. அங்கே குடியிருந்தவை முத்துச் சிப்பிகள்.

மன்னார் வளைகுடாவின் அடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றுக்குப் 'பார்' என்று பெயர். சிப்பிக் குஞ்சு சில வாரம் தண்ணீரில் மிதந்து திரியும். பிறகு கெட்டியான இடம் பார்த்து, தன் உடலிலிருந்து வரும் நாரால் பாறையைப் பற்றிக்கொள்ளும். நார் அறுந்தால் நீரோட்டம் இழுத்துப் போகும். மணல் மூடினால் மூச்சு முட்டிச் சாகும்.

இந்த நாரை நம்பித்தான் பலருடைய பிழைப்பு இருந்தது. இலங்கைப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்தால் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குளியாட்கள் போவார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு அவர்களுக்கு. ஆனால் 1891க்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை!

காரணம் கண்டுபிடிக்க 1902இல் ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை ஆங்கில அரசு இலங்கைக்கு அனுப்பியது. அவருக்கு உதவியாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். அந்த ஆண்டு மார்ச்சில் 'பெரிய பார்' முழுக்கக் குஞ்சுச் சிப்பிகள் அப்பிக் கிடந்தன. நவம்பரில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. நடுவில் வந்து போனது தென்மேற்குப் பருவக்காற்று. பாரின் மேற்கு ஓரம் செங்குத்தான சரிவு. பருவக்காற்று கிளப்பிய நீரோட்டம் குஞ்சுகளை அந்த ஆழத்தில் தள்ளிவிட்டது என்பதே அவர் முடிவு. சுமார் இருபது ஆண்டுகளில் குறைந்தது 11 முறை அந்தப் பாரில் குஞ்சுகள் நிறைந்தும், ஒரு தடவைகூட முத்துக்குளிப்பு நடக்கும் அளவுக்கு அவை வளரவில்லை.

இதில் அழிவை மட்டும் பார்க்கக் கூடாது. 11 முறை போனது என்றால் 11 முறை திரும்பி வந்தது என்றும் அர்த்தம் அல்லவா? ஆற்றில் வெள்ளம் வந்தால் கல்லடியில் வாழும் பூச்சிகளும் இப்படித்தான் அடித்துப் போகும். தப்பியவையும் மேலிருந்து மிதந்து வருபவையும் மறுபடி குடியேறும். அதற்கு இரண்டு தேவை: எங்காவது தப்பிய தாய் உயிர்கள், ஒட்டிக்கொள்ள சுத்தமான கல். அதனால்தான் ஹெர்ட்மன், பெரிய பாரின் குஞ்சுகளைப் பாதுகாப்பான வேறு பார்களுக்கு மாற்றச் சொன்னார்.

பிறகு நல்ல காலம் வந்தது. 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி கிடைத்தது. அந்த மயக்கத்தில் 1906இல் ஒரு கம்பெனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு 20 ஆண்டு குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் பார்கள் காலி. வாடகை வருடா வருடம் வரும், சிப்பி அப்படி வராது. சில ஆண்டுகளில் கம்பெனியை மூடவேண்டியதாயிற்று.

தூத்துக்குடிப் பக்கமும் அதே கதைதான். 1928க்குப் பின் 27 ஆண்டு ஒன்றுமில்லை. பிறகு 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு. அதோடு சரி, அப்படி ஒரு காலம் திரும்பவில்லை. 1973இல் தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்து எடுத்தார்கள். ஆனால் அது பாரில் தானாக விளைந்த முத்து அல்ல.

பருவக்காற்று பழைய எதிரிதான். அது கொண்டு போனதைக் கடல் பலமுறை திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆனால் கொடுப்பதற்குத் தாய்ச் சிப்பியும் சுத்தமான பாரும் மிஞ்சியிருக்க வேண்டும். புயலைத் தடுக்க மனிதனால் முடியாது. மிஞ்சியதைக் காப்பாற்ற முடியும்.