செலவு என்னும் சொல்: ஒரு வறள்நிலத்தின் தொலைவுக் கணக்கு

பழந்தமிழில் 'செலவு' என்றால் பயணம். இன்று அச்சொல் கையிலிருந்து பணம் போவதைக் குறிக்கிறது. செல்வது பொருளா ஆளா என்பதில்தான் வேறுபாடு, சொல் ஒன்றே. அகத்திணை மரபில் 'செலவழுங்கல்' என்றொரு துறை உண்டு. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தயங்கி நிற்பது அது. அந்தத் தயக்கத்தைப் பயணத்தைக் கைவிட்டதாகக் கொள்ளலாகாது, தலைவியைத் தேற்றுவதற்கான தாமதமே என்று தொல்காப்பியம் விளக்கம் தருகிறது. அண்மையில் நண்பர் ஒருவர் எம்மிடம் வந்து கேட்ட கேள்வியைச் செலவழுங்கல் என்றே நாம் வகைப்படுத்திக்கொண்டோம்.

நண்பருக்குச் சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம். பணி மதுரையில், குடியிருப்பதும் மதுரையின் நெரிசலான தெருவொன்றில் வாடகை வீடு. காரியாபட்டிக்கு அருகே நான்குவழிச் சாலையை ஒட்டி ஒரு மனை வாங்கி வீடு கட்டலாமா, நாள்தோறும் போய்வருவது தாங்குமா என்பது அவருடைய கேள்வி. மனை விற்பவர் 'மதுரைக்கு அரை மணி நேரம்' என்று அச்சிட்ட தாளைக் கொடுத்திருக்கிறார். எந்த வண்டியில், எந்த வேளையில், மதுரையின் எந்த மூலைக்கு என்பது அத்தாளில் இல்லை. இத்தகைய தாள்களில் அது எப்போதும் இருப்பதில்லை.

ஆமென்றோ அன்றென்றோ சொல்ல எமக்குத் துணிவில்லை. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரம் இந்தக் கணக்கை நூறாண்டுகளுக்கும் மேலாகப் போட்டுவருகிறது. அதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

இந்நிலத்தின் பழைய உழைப்பில் நாள்தோறும் போய்வருதல் என்பதே அரிது. கண்மாய் நிறைந்தால் வயல். வயல் நடந்து எட்டும் தொலைவு. அருப்புக்கோட்டையின் தேவாங்கர், சாலியர் தெருக்களில் தறி வீட்டுக்குள்ளேயே குழியில் இறங்கியிருந்தது. படுக்கைக்கும் பணியிடத்துக்கும் இடையே ஏழெட்டு அடி. குழித்தறியின் முன் அமர்ந்தவனுக்குப் பயணச் செலவு இல்லை. ஆனால் வேலை முடியும் நேரமும் இல்லை. இரவு விளக்கு வைத்த பின்னும் நாடா ஓடிக்கொண்டிருக்கும். வீடும் வேலையும் ஒன்றாயிருப்பதை இன்று நகரத்தார் வரம் போலப் பேசும்போது எமக்கு அந்தத் தெருக்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

மழை பொய்த்தால் அடுத்த வழி ஒரேயடியாகப் போய்விடுவது. 1876–78 பெரும்பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் இராமநாதபுரச் சீமையிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர் பல்லாயிரவர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்களும் உண்டு. அவர்களுக்குப் போதல் மட்டுமே உறுதி. வருதல் விதியின் கையில். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'போகிறேன்' என்று சொல்லக்கூடாது, 'போய்வருகிறேன்' என்றே சொல்லவேண்டும் என்று நம் பாட்டிமார் கண்டித்ததன் பின்னால் அப்படிப்பட்ட போதல்கள் எத்தனை இருந்திருக்கும்!

ஆக இரண்டே வழிகள்: இருத்தல், அல்லது பிரிதல். இவற்றுக்கு இடையில் ஒரு வழி இல்லாதிருந்ததன் விலையை அறியத் திருச்சுழியின் மிகப் புகழ்பெற்ற குடும்பத்தையே பார்க்கலாம். 1879 டிசம்பர் 30 அன்று அங்கே பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. தந்தை சுந்தரமய்யர் அவ்வூரில் வழக்குகள் நடத்திவந்தார். பிள்ளை தொடக்கக் கல்வியை ஊரில் முடித்தபின் திண்டுக்கல்லில் சிறிது காலம் படித்தான். 1892இல் தந்தை மறைந்தார். மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் ஒரு சிற்றப்பாவின் வீட்டுக்கு. தாய் அழகம்மாளும் இளைய குழந்தைகளும் மானாமதுரையில் இன்னொரு சிற்றப்பாவின் வீட்டுக்கு. திருச்சுழிக்கும் மதுரைக்கும் இடையே உள்ள தொலைவு இன்று பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மதுரையைத் தொட்ட இருப்புப்பாதை அன்று மானாமதுரைக்கு வந்திருக்கவில்லை. அது வந்தது 1902இல். மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெருவிலிருந்த அச்சிற்றப்பா வீட்டிலிருந்துதான் 1896 ஆகஸ்டு 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, அப்பிள்ளை திருவண்ணாமலைக்கு வண்டியேறினான். பேருந்து இருந்திருந்தால் ரமணர் பிறந்திருக்கமாட்டார் என்று சொல்லவரவில்லை, அது அசட்டுத்தனம். படிப்புக்காக ஒரு குடும்பம் இரண்டு ஊர்களாகச் சிதறவேண்டியிருந்தது என்பதை மட்டுமே சுட்டுகிறோம்.

இடைவழியைத் திறந்தது பேருந்து. 1912இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூர்–புதுக்கோட்டைத் தடத்தில் தொடங்கிய தொழில் பின்னர் மதுரையை நடுவமாகக் கொண்டு வளர்ந்தது. அவரது வண்டியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்பது தென்மாவட்டங்களில் இன்றும் வழங்கும் பேச்சு. அதில் மிகை இருக்கலாம். ஆனால் ஒரு கரிசல் கிராமத்தான் தன் நாளைப் பொழுதைக்கொண்டு அளக்காமல் மணியைக்கொண்டு அளக்கத் தொடங்கியதற்கு அந்த வண்டி ஒரு காரணம் என்பதை நாம் ஏற்போம். 1972இல் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997இல் மினி பேருந்துத் திட்டம் வந்து, பெரிய வண்டி திரும்ப இடமில்லாத ஊர்களையும் தொட்டது. இரயில் தனிக்கதை. விருதுநகர்–அருப்புக்கோட்டை மீட்டர் பாதை 1963இலும், திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை வரையிலான நீட்சி 1964இலும் திறக்கப்பட்டன. அகலப்பாதையாக அது மீண்டது 2013இல். இன்று சென்னைக்குப் போகச் சிலம்பு விரைவு வண்டி உண்டு. காலையில் மதுரைக்குப் போய் மாலையில் திரும்ப நேர் பாதை இல்லை.

அந்த நேர் பாதைதான் இவ்வட்டாரத்தின் நெடுங்கனவு. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் அளவிலான புதிய பாதை 2011–12 நிதிநிலை அறிக்கையில் ஒப்புதல் பெற்றது. தூத்துக்குடிப் பக்கத்தில் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரையிலான துண்டு முடிந்திருக்கிறது. 2025 ஜனவரியில் இத்திட்டத்தை மாநில அரசு வேண்டாமென்றது என்று ஒன்றிய அமைச்சர் சொன்னதாகச் செய்தி வர, மாநில அரசு மறுக்க, பேச்சு தனுஷ்கோடிப் பாதையைப் பற்றியது என்று இரயில்வே விளக்கம் தர, சில நாள் பரபரப்பு. அந்நாள்களில் அருப்புக்கோட்டைத் தேநீர்க் கடைகளில் எழுந்த கோபத்தை அரசியல் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. மதுரையில் வாடகைக்கு இருப்பதா, ஊரிலேயே இருப்பதா என்ற முடிவை அந்தப் பாதையின் மேல் வைத்துக் காத்திருந்தவர்கள் பலர்.

சென்னை இவ்வகையில் நற்பேறு பெற்றது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனைவிட்டுத் தாம்பரத்துக்குப் போனது. இருப்புப்பாதை முன்னே போய் நின்றது. குடியிருப்பு பின்னே வந்தது. அதே சென்னையில் 2000ஆம் ஆண்டு வாக்கில் நகரின் நடுவிலிருந்த குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோனபோது இவ்வரிசை தலைகீழானது. வீடு முதலில், பேருந்து மெல்லப் பிறகு. வீட்டுவேலைக்கும் சில்லறை வணிகத்துக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள் பலர் வேலையையே இழந்தார்கள். கூரை கிடைத்தது, கூலி போயிற்று. புறநகர் என்பதை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி தொலைவைவிடப் பெரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வண்டி வீட்டு வாசலுக்கே வந்தாலும் நன்மைதான் என்று சொல்ல இயலாது. எங்கள் மாவட்டத்தின் மேற்கே சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைகள் ஒருகாலத்தில் கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பின. விடியுமுன் குழந்தைகளை எழுப்பி ஏற்றிச்சென்று இருட்டியபின் இறக்கிவிட்டன. 1976இல் அத்தகைய பேருந்தொன்று விபத்துக்குள்ளாகிக் குழந்தைகள் பலர் மாண்டனர். அதன் பின்னரே ஹர்பன்ஸ் சிங் குழு அமைந்தது. 1983இல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை அந்த அதிகாலைப் பயணங்களை நாட்டுக்குச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தின் எம்.சி.மேத்தா வழக்குத் தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. போய்வரும் வழி யாருடைய வசதிக்காகத் திறந்திருக்கிறது என்று பார்த்தே அதைப் போற்றவேண்டும்.

ஒருவர் நாளொன்றுக்குப் பயணத்துக்கென்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே மனமுவந்து தருகிறார், வண்டி விரைவானால் நேரத்தை மிச்சப்படுத்தாமல் தொலைவைக் கூட்டிக்கொள்கிறார் என்று இத்தாலியரான செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். சுவிட்சர்லாந்தின் பொருளியலாளர்கள் ஸ்டட்சரும் ஃபிரையும், நெடுநேரம் பயணம் செய்வோருக்கு நல்ல வீடோ கூடுதல் ஊதியமோ அந்த இழப்பை ஈடுசெய்வதில்லை என்று கண்டார்கள். நாம் இதை நண்பரிடம் சொன்னபோது, "அவங்க யாரும் மாட்டுத்தாவணியிலிருந்து அருப்புக்கோட்டை வண்டியிலே நின்னுக்கிட்டே வந்ததில்லை போல" என்றார்.

அந்தப் பேச்சில் வரலாறு இருக்கிறது. 1999இல் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் மதுரையின் வடகிழக்கில் திறக்கப்பட்டது. தெற்கேயிருந்து வருபவருக்கு ஊர் அன்றோடு சில கிலோமீட்டர் தள்ளிப்போயிற்று. 2011இல் அவனியாபுரம் மாநகராட்சியோடு சேர்ந்தபோது மதுரையின் எல்லை நம்மை நோக்கி வந்தது. பேருந்து நிலையமோ எதிர்த்திசையில் இருந்தது. நான்குவழிச் சாலையும் அப்படியே. மதுரைக்கு 50 கிலோமீட்டர் என்ற அருப்புக்கோட்டையின் தொலைவை அது சுருக்கியது. சாலையோரச் சிற்றூர்களின் தொலைவையோ நீட்டியது. முன்பு நின்ற வண்டி இப்போது நிற்பதில்லை. திருச்சுழியிலிருந்து வருபவர் முதலில் 15 கிலோமீட்டர் கடந்து அருப்புக்கோட்டையை அடையவேண்டும். விரைவு அதன் பிறகுதான்.

இங்கே எமது குறையொன்றையும் சொல்லவேண்டும். பல ஆண்டுகள் நாம் முதல் மணிநேர வகுப்பில் வருகைப் பதிவை மணியடித்த உடனே முடித்துவிடுவோம். நரிக்குடிப் பக்கமிருந்து வரும் மாணவியர் மூவர் நாள்தோறும் பத்து நிமிடம் பிந்துவர். வராதவர் என்றே குறித்தோம். அவர்களுள் ஒருத்தி இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டாள். அவள் ஊருக்குக் காலையில் வந்தது ஒரே வண்டி. அது பிந்தினால் அவளும் பிந்தினாள். இதைக் கேட்டறிய எமக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. பாலைத்திணையை நடத்திக்கொண்டே வகுப்புக்கு வந்துசேர்ந்தவளின் செலவை நாம் கணக்கில் கொள்ளவில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது, அவளை நினைத்தோம். ஆனால் அவளைத் தடுத்தது கட்டணமன்று, இன்னொரு வண்டி இல்லாமை.

நண்பரிடம் இறுதியில் ஒன்றே கேட்டோம்: மனைக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு மாதம் அங்கிருந்து போய்வந்து பாருங்கள். காரியாபட்டியில் உறவினர் வீடு இருந்ததால் உடன்பட்டார். ஒரு குறிப்பேட்டில் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், நின்றாரா அமர்ந்தாரா என்று எழுதிவந்தார். முகூர்த்த நாள்களில் மூன்று வண்டிகளை விட்டுவிட்டு நான்காவதில் ஏறியிருக்கிறார். இரண்டாம் வாரத்திலிருந்து அவராகவே இன்னொரு பத்தியைச் சேர்த்திருந்தார்: வீடு திரும்பும்போது சின்னவள் விழித்திருந்தாளா, உறங்கிவிட்டாளா என்று. குறிப்பேட்டை எம்மிடம் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். தை பிறந்ததும் சொல்வதாக மனைக்காரரிடம் தவணை கேட்டிருக்கிறாராம்.