மாண்டிக் கேம்ஸ்

மாண்டிக் கேம்ஸ் என்பது இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரைச் சேர்ந்த, மேசைப் போர் விளையாட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனம் ஆகும். ரோனி ரென்டன் 2008 இல் இதனைத் தொடங்கினார். அவர் முன்னர் பணியாற்றிய கேம்ஸ் வொர்க்‌ஷாப், அதே நகரிலுள்ள, இத்துறையின் முதன்மை நிறுவனம் ஆகும். வார்ஹாமர் (1983) அதன் புகழ்பெற்ற ஆட்டம்.

இவ்வகை ஆட்டங்களில் சதுரங்கம் போன்று கட்டங்கள் இல்லை. ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரப் போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, அளவுகோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதவிடுவர். ஒரு படைக்குப் பல பத்துப் பொம்மைகள் வேண்டும் என்பதால் விலையே பெருந்தடை. மாண்டிக் குறைந்த விலையில் நெகிழிப் பொம்மைகளை விற்றது.

அதன் கிங்ஸ் ஆஃப் வார் (2010) ஆட்டத்தின் விதிகளை, முன்பு வார்ஹாமர் விதிகளை எழுதிய அலெசியோ கவத்தோரே எழுதினார். பிற நிறுவனப் பொம்மைகளையும் இதில் பயன்படுத்தலாம். 2015 இல் வார்ஹாமரின் பழைய வடிவம் கைவிடப்பட்டபோது, பலரிடம் இருந்த படைகளுக்கு இவ்விதிகள் புகலிடமாயின. கேம்ஸ் வொர்க்‌ஷாப் அப்பழைய உலகை 2024 இல் மீண்டும் வெளியிட்டது.