கேளாமையைக் கீழ்ப்படியாமையாக்கும் அரசு: ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் குழந்தைகளின் செவிநலம்

காதில் சீழ் வடிவதை எவரும் மனித உரிமைச் சிக்கலாகக் கருதுவதில்லை. ஆனால், ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் குழந்தைகள் பலருக்கு இந்த எளிய நோயில் தொடங்கும் பாதை, பள்ளி வழியாகக் காவல் நிலையம் வரை நீள்கிறது. அப்பாதையை அமைத்தது நோயன்று, அரசின் புறக்கணிப்பே.

நோயின் தன்மை

மூக்கின் பின்புறத்தை நடுச்செவியோடு இணைக்கும் சிறு குழல் வழியே கிருமிகள் நுழைவதால் நடுச்செவி அழற்சி உண்டாகிறது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி ஒலியைத் தடுக்கிறது. தொற்று முற்றினால் செவிப்பறையில் துளை விழுந்து சீழ் வடிகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வந்து போகும் நோய். தொலைதூரக் குடியிருப்புகளில் வாழும் பூர்வகுடிக் குழந்தைகளுக்கோ பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. நாள்பட்ட சீழ்வடிதல் ஒரு சமூகத்தில் 4 விழுக்காட்டைத் தாண்டினாலே அது உடனடி நடவடிக்கை தேவைப்படும் பெரும் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொலைதூரப் பூர்வகுடிச் சமூகங்கள் பல அவ்வரம்பைப் பன்மடங்கு கடந்தவை.

வீடும் காதும்

நெரிசலான வீட்டில் கைக்குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் கிருமிகள் விரைவில் குடியேறுகின்றன. மத்திய ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜட்ஜரா நிலப்பகுதியில் 1987இல் வெளியான நலவாழ்வு அறிக்கையிலிருந்து, ஒரு வீடு உறுதிசெய்ய வேண்டிய ஒன்பது நடைமுறைகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது, குழந்தைகளைக் குளிப்பாட்ட வழியிருத்தல். பின்னர் கட்டடக் கலைஞர் பால் ஃபோலெரோஸ் குழுவினர் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே குளியலறைக் குழாய் வேலை செய்தது. பழுதுகளில் குடியிருப்போரால் நேர்ந்தவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. எஞ்சியவை பராமரிப்பின்மையாலும் தரமற்ற கட்டுமானத்தாலும் விளைந்தவை. ‘அவர்களுக்குச் சுத்தம் தெரியாது’ என்னும் வசவுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

வகுப்பறையில்

இக்கேளாமை நிலையானதன்று, ஒரு வாரம் கேட்கும், மறுவாரம் மங்கும். எனவே, ‘நேற்றுக் கேட்டவன் இன்று நடிக்கிறான்’ என்று ஆசிரியர் எண்ண இடமுண்டு. தொலைதூரப் பள்ளிகளில் ஆங்கிலம் பல குழந்தைகளின் தாய்மொழியுமன்று. பாதி கேட்கும் காதால் அயல்மொழியில் எழுதப் படிக்கக் கற்கும் குழந்தை பின்தங்குகிறது. அதன் மௌனம் முரட்டுத்தனமாகப் பதிவாகிறது.

காவல் நிலையத்தில்

நார்தர்ன் டெரிட்டரி உச்ச நீதிமன்றம் 1976இல் அனுங்கா வழக்கில், பூர்வகுடியினரை விசாரிக்கும் காவலர்களுக்கு நெறிமுறைகள் வகுத்தது. கேட்பவர் விரும்பும் விடையையே மரியாதை கருதிச் சொல்லிவிடும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டி, மொழிபெயர்ப்பாளரும் துணைக்கு ஒரு நண்பரும் இருக்க வேண்டுமென்றது. மொழித் தடையைக் கண்ட அந்நெறிமுறைகளில் செவித்திறன் இடம்பெறவில்லை. டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சிறைகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, சோதிக்கப்பட்ட பூர்வகுடிக் கைதிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்குச் செவித்திறன் குறைபாடு இருப்பதைக் கண்டறிந்தது. கேளாமை குற்றவாளியை உருவாக்குகிறது என்பது இதன் பொருளன்று. எச்சரிக்கையைக் கேட்காதவர் ‘மீறியவர்’ ஆகிறார்; கேள்வி புரியாதவர் ‘மழுப்பியவர்’ ஆகிறார்; பிணை நிபந்தனை காதில் விழாதவர் சிறைக்குத் திரும்புகிறார். குற்றம்சாட்டப்பட்டவருக்குப் புரியாத விசாரணை நியாயமான விசாரணையாகாது.

அறிக்கைகளும் அரசும்

செவிநலம் குறித்து 2010இல் செனட் குழு அறிக்கை அளித்தது. 2017இல் பிரதிநிதிகள் அவைக் குழு ‘இன்னமும் செவிமடுக்கப்படக் காத்திருக்கிறோம்’ என்ற பொருளில் தலைப்பிட்டே அறிக்கை வெளியிட்டது. நார்தர்ன் டெரிட்டரியிலோ 2023இல் 12 ஆக உயர்த்தப்பட்ட குற்றப்பொறுப்பு வயது, 2024இல் மீண்டும் 10 ஆகக் குறைக்கப்பட்டது. வகுப்பறையில் பாடம் கேளாத பத்து வயதுக் குழந்தையைக் கைது செய்ய அங்கே சட்டம் இடமளித்தது.

கோரிக்கைகள் எளியவை: பழுதற்ற, நெரிசலற்ற வீடு, பூர்வகுடியினரே நடத்தும் மருத்துவ நிலையங்களில் கைக்குழந்தைப் பருவம் முதல் செவிப் பரிசோதனை, வகுப்பறைகளில் ஒலிபெருக்கிக் கருவிகள், காவலில் எடுக்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் விசாரணைக்கு முன்பே செவித்திறன் சோதனை. இவற்றைச் சலுகையாகக் கேட்பதற்கில்லை. தன்மீது சாட்டப்படும் குற்றம் என்னவென்று கேட்டறிவது, எந்தக் குழந்தைக்கும் உள்ள உரிமை.